ஸ்லிட் லாம்ப் கண் பரிசோதனை: கிளினிக் வாங்கில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு கண் கிளினிக்கில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்தேன். டொக்டரின் அறைக்குள் போக முதல் வாங்கில் காத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். உள்ளே போனால் டொக்டரிடம் கேட்கக் கூச்சம், வெளியே வந்தால் பஸ்ஸுக்கு அவசரம். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணை நேரில் பார்த்த டொக்டர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஸ்லிட் லாம்ப் எண்டால் என்ன? கண்ணுக்கு லைட் அடிச்சுப் பாக்கிறது தானே?

லைட்தான், ஆனால் டோர்ச் அடிப்பது போல இல்லை. மேசையில் பூட்டிய ஒரு நுணுக்குக்காட்டியும், கோடு போல மெல்லிய ஒளியை விடும் ஒரு விளக்கும் சேர்ந்த கருவி அது. ஒளி ஒரு சிறு பிளவு வழியாக வருவதால் தமிழில் பிளவு விளக்கு என்று எழுதுவார்கள். கிளினிக்கில் எல்லோரும் ஸ்லிட் லாம்ப் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கண்ணை ஏறக்குறைய 6 மடங்கிலிருந்து 40 மடங்கு வரை பெருப்பித்துக் காட்டும்.

கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மத்தியான நேரம் இருட்டு அறைக்குள் கூரைப் பொத்தலால் ஒரு வெயில் கீற்று விழும். அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூசு எல்லாம் அந்தக் கீற்றுக்குள் மிதப்பது தெரியும். அதே வித்தைதான் இங்கேயும். கண்ணின் முன்பக்கத்தில் தெளிந்த நீர் இருக்கிறது. உள்ளே அழற்சி வந்தால் அந்த நீரில் வெள்ளணுக்கள் மிதக்கும். டோர்ச்சுக்குத் தெரியாத அந்த அணுக்கள், இருட்டாக்கிய அறையில் இந்த மெல்லிய ஒளிக்குள் தூசு போலத் தெரியும். டொக்டர் ஏன் லைட்டை அணைக்கிறார், ஏன் யன்னல் சீலையை இழுத்து மூடுகிறார் என்றால் இதற்காகத்தான்.

சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911 இல் இந்த விளக்கை அறிமுகப்படுத்தினார். அதே வருடம், கண்ணுக்குள் ஒளி முறியும் விதத்தை ஆராய்ந்ததற்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் எந்தக் கண் டொக்டரின் அறையிலும் முதலில் இருப்பது இந்தக் கருவிதான்.

கண்ணைத் தொடுவினமோ? நோகுமோ?

வெறுமனே பார்ப்பதென்றால் எதுவும் கண்ணில் படாது. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை மேலே இருக்கும் பட்டியில் முட்டக் கொடுத்து, டொக்டர் சொல்லும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் சரி. ஒளி கொஞ்சம் கூசும், கண்ணீர் வரும். ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது எக்ஸ்றே இல்லை, சாதாரண ஒளிதான். கர்ப்பிணிகளும் பயப்படத் தேவையில்லை. சொட்டு மருந்து விட முதல் மட்டும் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நெற்றி பட்டியை விட்டு விலகினால் டொக்டருக்கு உங்கள் கண் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் "முட்டக் குடுங்கோ, முட்டக் குடுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கோயிலுக்குப் போய்விட்டு நேரே வருபவர்கள் நெற்றியில் திருநீறும் சந்தனமும் இருக்கிறதே என்று தயங்குவார்கள். தயங்காதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பட்டி வெள்ளையாகவே இருக்கும், ஒவ்வொருவருக்கும் பிறகு நாங்கள் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்போம்.

கண்ணாடிக் கடையிலை ஒரு மெஷினுக்குள்ளை பலூன் படம் காட்டினவை. அதுவும் இதுவும் ஒண்டு தானே?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் இருக்கிறது, ஏனென்றால் இரண்டிலும் நாடியை வைத்துத்தான் பார்ப்பது. நீண்ட றோட்டின் முடிவில் பலூன் தெரியும் மெஷின், உங்களுக்கு எத்தனை பவர் கண்ணாடி வேண்டும் என்று கணக்கிடும். கண்ணுக்குள் வருத்தம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஸ்லிட் லாம்ப் அதற்கு நேர்மாறு. கண்ணின் ஒவ்வொரு படையையும் காட்டும், கண்ணாடி பவரைச் சொல்லாது.

எனக்கு எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது. பிறகேன் நான் போகவேணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். பார்வை தெளிவாக இருப்பது வேறு, கண் சுகமாக இருப்பது வேறு. குளுக்கோமா என்பது கண்ணின் பின்பக்க நரம்பு தேய்ந்துபோகும் வருத்தம். அதில் பெரும்பாலானோருக்கு நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கப் பார்வைதான் முதலில் போகும், நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். அதனால் சுவரில் இருக்கும் எழுத்தைக் கடைசி வரி வரை வாசிப்பார்கள், ஆனால் கேற்றால் வெளியே வரும்போது பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

ஆகவே 40 வயதுக்குப் பிறகு, ஒரு குறையும் இல்லாவிட்டாலும், ஒரு தடவை முழுதாகக் காட்டுங்கள். அடுத்தது எப்போது என்று டொக்டர் சொல்வார். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது குளுக்கோமா இருந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ நீண்ட காலம் ஸ்டீரொயிட் எடுப்பவர்களும் அப்படித்தான். அந்த மருந்து கண்புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரலாம். அரச வைத்தியசாலையில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. செலவாவது ஒரு காலைப்பொழுதுதான்.

எனக்குப் பிறசர் இருக்கு, குளிசை போடுறன். கண் பிறசருக்கும் அது காணும் தானே?

காணாது. கையில் பட்டி கட்டிப் பார்ப்பது இரத்த அழுத்தம். கண் அழுத்தம் என்பது கண்ணுக்குள் சுரக்கும் நீரின் அழுத்தம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த மயக்கம் இது. கண் அழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

அதை அளக்கும் சிறு கருவியும் பெரும்பாலும் ஸ்லிட் லாம்பிலேயே பூட்டியிருக்கும். விறைக்கும் சொட்டு மருந்து விட்டு, அதன் நுனியை ஒரு கணம் கண்ணில் மெல்லத் தொடுவார்கள். முதல் கேள்விகளில் எதுவும் கண்ணில் படாது என்றேனே, அதற்கு இது ஒரு விதிவிலக்கு. நோகாது. நீல வெளிச்சம் ஒன்று கிட்ட வருவது மட்டும் தெரியும். விறைப்பு கால் மணித்தியாலமளவில் போய்விடும், அதுவரை கண்ணைக் கசக்கக் கூடாது. "அந்த விறைக்கிற மருந்திலை ஒரு போத்தல் வீட்டுக்குத் தாங்கோ, கண் நோவுக்கு நல்லது" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருபோதும் வேண்டாம். திரும்பத் திரும்ப விட்டால் கண்ணின் முன்படலம் கரைந்து போகும்.

மஞ்சள் மருந்து ஒண்டு விட்டவை. வீட்டை வந்து மூக்குச் சீற லேஞ்சியெல்லாம் மஞ்சள். என்னவும் பிழையோ?

பிழை இல்லை, கண்ணீர்க் குழாய் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கண்ணீர் மூக்குக்குள் வடிவது இயல்பு, சாயமும் அதே வழியால் போயிருக்கிறது. அது ஃப்ளோரசீன் என்ற சாயம். நீல ஒளியில் பச்சையாக மின்னும். கண்ணின் முன்படலத்தில், அதாவது கோர்னியாவில், ஒரு ஊசி முனையளவு கீறல் இருந்தாலும் சாயம் அங்கே படிந்து பச்சைப் புள்ளியாகத் தெரியும். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முதலே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸில் சாயம் ஏறிவிடும்.

கண்மணியை விரிக்கிற மருந்து விட்டால் மோட்டச்சைக்கிளிலை திரும்பி வரலாமோ?

வர வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். மருந்து பிடிக்க 20, 30 நிமிடம் எடுக்கும். பிறகு நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரை வெளிச்சம் கூசும், கிட்ட இருக்கும் எழுத்து மங்கும், சிலருக்கு இன்னும் கூட நேரம் நிற்கும். மத்தியான வெயிலில் ஓட்டோவில் போவதே கஷ்டம். கறுப்புக் கண்ணாடி அல்லது ஒரு தொப்பி கொண்டுவந்தால் நல்லது.

விரிக்காமல் பார்ப்பது கதவு நீக்கலால் வீட்டைப் பார்ப்பது போல. விரித்த பிறகு, டொக்டர் கையில் ஒரு சிறு வில்லையைப் பிடித்துக்கொண்டு ஸ்லிட் லாம்பாலேயே பின்பக்க விழித்திரையையும் நரம்பையும் பார்க்க முடியும். சிலருக்குக் கண்ணின் முன்பக்க இடைவெளி ஒடுக்கமாக இருக்கும். அவர்களுக்கு விரிக்கும் மருந்து அழுத்தத்தைத் திடீரென ஏற்றக்கூடும். அதனால் விரிக்க முதல் ஸ்லிட் லாம்பில் அந்த இடைவெளியைப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகு கடும் கண் நோ, தலையிடி, சத்தி, லைட்டைச் சுற்றி வானவில் வளையம் வந்தால், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

அம்மம்மா 76 வயசிலை கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறா. கண் திருப்பி வந்திட்டுதெண்டு சொல்லுறா. உண்மையோ?

கேட்கச் சந்தோசமான செய்திதான், ஆனால் பெரும்பாலும் அது கண்புரையின் தொடக்கம். கண்ணுக்குள் இயற்கையாகவே இருக்கும் வில்லையின் நடுப்பகுதி மஞ்சளாகி இறுகும்போது கண்ணுக்குக் கிட்டப்பார்வை வரும். கிட்ட இருப்பது தெளிவாகும், தூரத்தில் இருப்பது மங்கும். அம்மம்மாவிடம் முற்றத்துக்கு அங்கால் படலையில் நிற்பது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்லிட் லாம்பின் ஒளி வில்லையைக் குறுக்கே வெட்டிக் காட்டும். நல்ல வில்லை தெளிவாக இருக்கும். புரை வந்த வில்லை நடுவில் தேன் நிறமாகவும், போகப் போகப் பழுப்பாகவும் தெரியும். நடுவில் இறுகுகிறதா, ஓரத்தில் கீற்றுக் கீற்றாக வெளுக்கிறதா, பின்பக்கத்தில் படிகிறதா என்பதையெல்லாம் வைத்துத்தான் சத்திரசிகிச்சையைத் திட்டமிடுவார்கள்.

புரை முத்தின பிறகுதான் வெட்டவேணும் எண்டு அப்பப்பா சொல்லுறார். பொறுக்கலாம் தானே?

அப்பப்பா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. அன்றைய சத்திரசிகிச்சை முறைக்கு வில்லை முத்தியிருக்க வேண்டியிருந்தது. இன்று அப்படி இல்லை. அன்றாட அலுவலுக்குப் பார்வை தடையாக இருந்தால் செய்யலாம். மிகவும் முத்தவிட்டால் வில்லை கல்லுப் போல இறுகி வேலை கடினமாகும், சிலருக்கு வீங்கி அழுத்தமும் ஏறும்.

சீனி வருத்தத்துக்கு மாதம் மாதம் இரத்தம் சோதிக்கிறன். கண்ணையும் ஏன் காட்டச் சொல்லுகினம்?

இரத்தத்தில் சீனி இன்று எவ்வளவு என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். கடந்த வருடங்களில் அது சிறு இரத்தக் குழாய்களை என்ன செய்திருக்கிறது என்பதை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. கண்மணியை விரித்துப் பார்த்தால் சின்னச் சின்ன வீக்கங்கள், இரத்தக் கசிவுகள், மஞ்சள் படிவுகள் தெரியும். அந்தக் கட்டத்தில் உங்களுக்குப் பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. எழுத்து வடிவாகத் தெரியுதே என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதில் இதற்கும் அப்படியே பொருந்தும்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு என்றால், கண்டுபிடித்த உடனேயே ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. சீனி கட்டுக்குள் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். லேசர் தேவைப்பட்டால் அதையும் பல இடங்களில் ஸ்லிட் லாம்பில் பூட்டிய கருவியாலேயே, அதே கதிரையில் இருத்திச் செய்வார்கள்.

வேலி அடைக்கேக்கை காவோலை கண்ணிலை குத்திப்போட்டுது. பார்மசியிலை ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டால் காணாதோ?

காணாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓலை, வைக்கோல், உமி, வெங்காயத் தாள் போன்றவற்றால் வரும் காயத்தில் பங்கசு கிருமி சேர்ந்துவிடலாம். தோட்டம் செய்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

ஒரு ஐயா ஒன்பதாம் நாள் வந்தார். காவோலை நுனி பட்டது, நோவும் சிவப்பும் வந்தது. வீட்டில் மனைவியின் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த மருந்து பாதிப் போத்தல் இருந்தது, அதை விட்டிருக்கிறார். அது ஸ்டீரொயிட். முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, "நல்ல மருந்து" என்று தொடர்ந்தார். ஸ்டீரொயிட் சிவப்பை அடக்கும், கூடவே கண்ணின் எதிர்ப்பையும் அடக்கும். பங்கசுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஸ்லிட் லாம்பில் பார்த்தபோது கோர்னியாவில் சாம்பல் வெள்ளைப் புள்ளி ஒன்று, ஓரமெல்லாம் பஞ்சு பிரிந்தது போல. அந்த ஓரம்தான் துப்பு. அங்கிருந்து மெல்லச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மணிக்கொரு தடவை மருந்து விட்டு, கிழமைக்கணக்கில் மறித்து வைத்திருந்தோம். கண் தப்பியது. ஆனால் நடுவில் வெள்ளை வடு விழுந்துவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் என்று இப்போதும் எனக்கு மனம் நோகும்.

ஹெர்ப்பிஸ் வைரஸும் இப்படித்தான். ஃப்ளோரசீன் விட்டுப் பார்த்தால் மரக்கொப்பு போலக் கிளைவிட்ட பச்சைக் கோடு தெரியும். அதற்கு ஸ்டீரொயிட் விட்டால் கொப்பு பரவும். வெளியே பார்க்க இவை எல்லாம் ஒரே சிவந்த கண்தான். எனவே காயம் பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். முலைப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, நாக்கால் தூசு எடுப்பது, இவை அன்பால் செய்பவை என்று தெரியும். ஆனால் காயம் பட்ட கண்ணுக்கு அவை கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வெல்டிங் செய்யிற தம்பிக்கு இரவு கண் எரியுது, காலமை சுகம். காட்டத்தான் வேணுமோ?

வெல்டிங் ஒளி பட்ட எரிவு சில மணித்தியாலம் கழித்துத்தான் தொடங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். ஆனால் ஒரு கண் மட்டும் உறுத்தினால் இரும்புத்தூள் ஏறியிருக்கலாம். அது ஒரு நாளுக்குள்ளேயே துருப்பிடித்துச் சுற்றிலும் கபில வளையம் போடும். விறைப்பு மருந்து விட்டு, ஸ்லிட் லாம்பில் பார்த்தபடியே நுண்ணிய ஊசியால் எடுப்பார்கள். சுத்தியலால் இரும்பில் அடித்தபோது தெறித்தது என்றால் அதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம், அதற்கு எக்ஸ்றேயோ ஸ்கானோ வேண்டும்.

சின்னப் பிள்ளையளை எப்பிடிப் பாப்பினம்?

மூன்று, நாலு வயதென்றால் அம்மாவின் மடியில் இருந்தபடி நாடியை வைக்கும். குழந்தைகளுக்குக் கையில் பிடிக்கும் சிறு ஸ்லிட் லாம்ப் உண்டு. படம் எடுக்கும்போது பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் வயதைப் பார்க்காமல் உடனே கொண்டுவாருங்கள்.

கற்றராக்ட் வெட்டி வில்லை வைச்சாச்சு. பிறகும் ஏன் அந்த மெஷினிலை இருத்துகினம்?

காயம் ஆறுகிறதா, உள்ளே அழற்சி இருக்கிறதா என்று பார்க்க. கூரைப் பொத்தல் வெயிலில் தூசு தெரிவது போலச் சொன்னேனே, அதுதான் இங்கே தேடுவது. மாதங்கள், வருடங்கள் கழித்துச் சிலருக்கு வைத்த வில்லைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை மங்கும். புரை திரும்ப வந்துவிட்டது என்று அழுதபடி வருவார்கள். புரை திரும்ப வராது. ஸ்லிட் லாம்பில் பூட்டிய யாக் லேசரால் அந்த உறையில் சிறு வழி திறந்துவிட்டால் சரி, வெட்டுவதும் இல்லை, வாட்டில் படுப்பதும் இல்லை.

ஸ்லிட் லாம்பிலை பாத்து பிறசரும் சரி எண்டவை. அப்ப குளுக்கோமா இல்லை எண்டு எழுதித் தரலாமோ?

அப்படிச் சொல்ல முடியாது. அழுத்தம் 21க்குக் கீழே இருந்தும் சிலருக்கு நரம்பு தேய்கிறது. அழுத்தம் கூட இருந்தும் சிலருக்கு நரம்பு நன்றாக இருக்கிறது. விரித்து நரம்பைப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் பக்கப் பார்வைச் சோதனையும் விழித்திரை ஸ்கானும் வேண்டும். டொக்டர் இன்னொரு சோதனைக்கு எழுதினால், முதல் சோதனையில் ஏதோ பிழைத்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

அதேபோல, போன கிழமை எல்லாம் சரி என்று சொன்ன கண் இன்று சிவந்து நோகிறது என்றால் அந்தப் பழைய கொப்பியை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். அது அன்றைய கண்ணின் கதை.

கண் தானம் குடுத்தால் அந்தக் கண்ணையும் இதிலை பாப்பினமோ? எனக்குக் கற்றராக்ட் வெட்டினது, நான் குடுக்கலாமோ?

இரண்டுக்கும் ஓம். மாற்றுவது கோர்னியாவை. புரை வந்தது அதற்குப் பின்னால் இருக்கும் வில்லையில். அதனால் புரை வெட்டியவர்களும் கண்ணாடி போடுபவர்களும் கொடுக்கலாம். கோர்னியாவைப் பொருத்த முதல் கண் வங்கியில் ஸ்லிட் லாம்பில் வைத்து, தெளிவாக இருக்கிறதா, வடு இருக்கிறதா என்று படை படையாகப் பார்ப்பார்கள். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கைக் கண் தான சங்கம் மூலம் நம் நாட்டுக் கண்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன. விருப்பம் இருந்தால் வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இறந்து சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.